கொள்கலனுக்குள் மறைந்த காடு

படிப்பதற்கு முன் சிந்திப்போம்

1. துறைமுகத்தில் வந்திறங்கும் ஒரு கொள்கலனுக்குள் என்ன இருக்கிறது என்பதை அதிகாரிகள் எவ்வாறு அறிந்துகொள்வார்கள்?
2. தொலைவில் உள்ள ஒரு நாட்டில் தொடங்கும் குற்றத்தைத் தடுக்க நம் நாடு ஏன் உதவ வேண்டும்?

ஒரே வாரத்தில் இரண்டு கொள்கலன்கள்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3ஆம் தேதி, சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் ஏற்றுமதிச் சோதனை நிலையத்தில் ஒரு கொள்கலனை அதிகாரிகள் சோதித்தார்கள். அது நைஜீரியாவிலிருந்து வியட்னாமுக்குச் செல்லும் வழியில் சிங்கப்பூருக்கு வந்திருந்தது. அதில் உறையவைத்த மாட்டிறைச்சி இருப்பதாக ஆவணங்கள் கூறின. ஆனால், உள்ளே 230 மூட்டைகளில் அழுங்கின் செதில்கள் நிரப்பப்பட்டிருந்தன. அவற்றின் எடை 12.9 டன். அவற்றோடு 177 கிலோகிராம் தந்தமும் இருந்தது.

ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 8ஆம் தேதி, மற்றொரு கொள்கலன் பிடிபட்டது. அதுவும் நைஜீரியாவிலிருந்து வியட்னாமுக்குச் செல்ல வேண்டியதுதான். இம்முறை ஆவணங்களில் ஒரு வகை விதையின் பெயர் எழுதப்பட்டிருந்தது. உள்ளே இருந்த 474 மூட்டைகளிலும் அழுங்குச் செதில்களே இருந்தன. அவற்றின் எடை 12.7 டன்.

இரண்டையும் சேர்த்தால் 25.6 டன். இவ்வளவு செதில்களைச் சேர்க்க ஏறக்குறைய 38,000 அழுங்குகள் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று அதிகாரிகள் கணக்கிட்டார்கள். ஒரு காட்டில் வாழ வேண்டிய உயிரினங்கள் இரண்டு இரும்புப் பெட்டிகளுக்குள் மூட்டைகளாக மாறிக் கடலைக் கடந்து வந்திருந்தன.

உருண்டுகொள்ளும் விலங்கு

அழுங்கு என்பது உடலின் பெரும்பகுதியில் செதில்களைக் கொண்ட பாலூட்டி. இது எறும்பையும் கறையானையும் உண்டு வாழ்வதால் எறும்புத்தின்னி என்றும் அழைக்கப்படுகிறது. உலகில் எட்டு வகை அழுங்குகள் உள்ளன. அவற்றில் நான்கு ஆசியாவிலும் நான்கு ஆப்பிரிக்காவிலும் வாழ்கின்றன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒரு வகை உண்டு. சிங்கப்பூர், மலேசியக் காடுகளில் வாழ்வது வேறொரு வகை. 'பங்கோலின்' என்னும் ஆங்கிலப் பெயர்கூட, 'உருண்டுகொள்வது' என்று பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்ததே.

ஆபத்து வரும்போது அழுங்கு ஓடுவதில்லை. தன் உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்கிறது. புலியின் பல்லுக்கும் அந்தச் செதில் கவசம் எளிதில் இடம் கொடுப்பதில்லை. ஆனால், மனிதனிடம் அந்த உத்தி பலிக்காது. சுருண்டு கிடக்கும் விலங்கை அவன் கையால் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். மேலும், அழுங்கு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு குட்டியை மட்டுமே ஈனும். எனவே, வேட்டையாடப்படும் வேகத்தை அதன் இனப்பெருக்கம் ஈடுகட்ட முடியாது.

செதில்கள் கெரட்டின் என்னும் பொருளால் ஆனவை. நம் நகமும் முடியும் அதே பொருளால் ஆனவைதாம். ஆயினும், அவற்றுக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்று நீண்ட காலமாகச் சிலர் நம்பிவருகின்றனர். அந்த நம்பிக்கைதான் செதில்களுக்கு விலையைத் தருகிறது. விலை இருக்கும் இடத்தில் கடத்தல்காரர்கள் நுழைகிறார்கள்.

பெட்டி தந்த வசதி

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 கொள்கலன்களுடன் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஹியூஸ்டன் நகரை நோக்கிப் புறப்பட்டது. அதற்கு முன், துறைமுகத் தொழிலாளர்கள் மூட்டைகளையும் பீப்பாய்களையும் ஒவ்வொன்றாகக் கப்பலில் ஏற்றி இறக்குவார்கள். அதற்குப் பல நாள்கள் பிடிக்கும். கொள்கலன் வந்த பிறகு, பெட்டியைத் திறக்காமலேயே லாரியிலிருந்து கப்பலுக்கும், ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்கும் மாற்ற முடிந்தது. சரக்குக் கட்டணம் குறைந்தது. உலக வணிகம் பெருகியது. சிங்கப்பூரும் கிள்ளான் துறைமுகமும் வளர்ந்ததற்கு இந்தப் பெட்டி ஒரு முக்கியக் காரணம்.

கொள்கலனின் சிறப்பு, அதைத் திறக்காமலேயே அனுப்பலாம் என்பது. கடத்தல்காரர்களும் அதையே தங்களுக்குச் சாதகமாக ஆக்கிக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால், நேர்மையான வணிகரின் பெட்டியும் கடத்தல்காரரின் பெட்டியும் ஒன்றுபோலவே இருக்கும்.

2019இல் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்ட சரக்கின் அளவு, 20 அடிக் கொள்கலன் கணக்கில் 37 மில்லியனுக்கும் அதிகம். இத்தனை பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் கப்பல்கள் வரிசையாகக் காத்து நிற்கும். உணவும் மருந்தும் உரிய நேரத்தில் மக்களைச் சென்றடையா. உலக அளவில் 2 விழுக்காட்டுக்கும் குறைவான கொள்கலன்களே சோதனைக்கு உட்படுத்தப்படுவதாக ஐக்கிய நாட்டு நிறுவனம் கூறுகிறது. எஞ்சியவை, அவற்றின் ஆவணங்களை நம்பியே அனுப்பப்படுகின்றன. ஆகவே, கடத்தல்காரரின் முதல் கருவி துப்பாக்கியன்று. பொய் எழுதப்பட்ட ஒரு தாள்.

சங்கிலியின் கண்ணிகள்

கடல்வழிக் கடத்தலை ஒரு சங்கிலிக்கு ஒப்பிடலாம். அதன் முதல் கண்ணி, காட்டில் வேட்டையாடுபவர். அவர் பெரும்பாலும் ஏழைக் கிராமவாசி. சங்கிலியில் மிகக் குறைந்த பணம் பெறுபவரும், எளிதில் கைதாகிறவரும் அவரே.

இரண்டாவது கண்ணி, பல கிராமங்களில் செதில்களையும் தந்தங்களையும் வாங்கிச் சேர்ப்பவர். ஒரு கொள்கலனை நிரப்பும் அளவு சேரும்வரை அவர் அவற்றைக் கிடங்கில் பதுக்கிவைப்பார். மூன்றாவது கண்ணி, ஏற்றுமதி செய்பவர். இவர் பெயரளவில் மட்டும் இயங்கும் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்வார். முன்வரிசையில் மரப்பலகைகளையோ வேறு சட்டபூர்வமான பொருளையோ அடுக்கி, பின்னால் கடத்தல் பொருளை மறைத்து வைப்பார்.

நான்காவது கண்ணி, ஆவணங்களைத் தயார் செய்யும் முகவர். சரக்கை அனுப்புபவர் யார், பெறுபவர் யார், உள்ளே இருப்பது என்ன என்று கூறும் கப்பல் சரக்குச் சீட்டு இவர் வழியாகவே உருவாகும். சில இடங்களில் இலஞ்சம் வாங்கும் அதிகாரிகளும் இச்சங்கிலியில் சேர்ந்துவிடுகிறார்கள். கடைசிக் கண்ணிகளாக, சரக்கைப் பெற்று விற்பவரும், கிடைத்த பணத்தைச் சட்டபூர்வமான வருமானம்போல் காட்டுபவரும் இருக்கிறார்கள்.

இவர்கள் வெவ்வேறு நாடுகளில் வாழ்கிறார்கள். பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஒரு கண்ணி அறுந்தாலும், அதே இடத்தில் வேறொருவரை அமர்த்திக்கொள்ளப் பணம் இருக்கிறது. இத்தகைய குற்றத்தையே 'நாடு கடந்த திட்டமிட்ட குற்றம்' என்கிறோம்.

நம் துறைமுகம் ஏன்?

ஆப்பிரிக்காவிலிருந்து வியட்னாமுக்குச் செல்லும் சரக்கு ஏன் சிங்கப்பூர் வழியாக வருகிறது? மலாக்கா நீரிணை இந்தியப் பெருங்கடலையும் தென்சீனக் கடலையும் இணைக்கும் குறுகிய வழி. பெரிய கப்பல்கள் இங்கே சரக்கை இறக்கும். வேறு கப்பல்கள் அதை ஏற்றிக்கொண்டு பல திசைகளிலும் செல்லும். நேர்மையான வணிகர்கள் இதனால் பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறார்கள்.

கடத்தல்காரர்களுக்கு இதில் மற்றோர் ஆதாயமும் உண்டு. தந்தக் கடத்தலுக்குப் பெயர்போன ஒரு துறைமுகத்திலிருந்து நேராக வரும் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அதே பெட்டி நற்பெயர் பெற்ற துறைமுகம் ஒன்றில் கப்பல் மாறி வந்தால் சந்தேகம் குறையும். வழியில் புதிய ஆவணங்களைத் தயாரித்துவிட்டால், பெட்டி எங்கிருந்து புறப்பட்டது என்ற தகவலே மறைந்துபோகும். ஒரு துறைமுகம் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த நம்பிக்கையைக் கடத்தல்காரர்கள் முகமூடியாக அணிந்துகொள்கிறார்கள். ஆகவே, நம் துறைமுகத்தைக் காப்பது நம் நற்பெயரைக் காப்பதும் ஆகும்.

அதிகாரிகள் எல்லாப் பெட்டிகளையும் திறக்க முடியாவிட்டாலும், எதைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்யக் கற்றிருக்கிறார்கள். விலை குறைந்த பொருளை யாராவது அதிகச் செலவில் மிகத் தொலைவுக்கு அனுப்புகிறாரா? நிறுவனம் நேற்றுத்தான் தொடங்கப்பட்டதா? சரக்கைப் பெறுபவரின் பெயர் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டதா? ஆவணத்தில் உள்ள எடையும் பெட்டியின் உண்மையான எடையும் ஒத்துப்போகின்றனவா? இத்தகைய கேள்விகள் சந்தேகத்துக்குரிய பெட்டிகளைக் காட்டிக்கொடுக்கும். அதன் பிறகு ஊடுகதிர்ப் படமும் மோப்ப நாய்களும் உதவிக்கு வரும்.

தந்தம் சொன்ன சாட்சி

பிடிபட்ட பொருள் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறிய அறிவியலும் கைகொடுக்கிறது. 2002ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலிருந்து வந்த ஒரு கொள்கலன் சிங்கப்பூரில் பிடிபட்டது. அதில் 6.5 டன் தந்தம் இருந்தது. முழுத் தந்தங்கள் மட்டுமே 532. அவற்றோடு, முத்திரை செதுக்குவதற்காக வெட்டப்பட்ட சிறு தந்தத் துண்டுகள் பல்லாயிரம் இருந்தன.

அந்த யானைகள் எங்கே கொல்லப்பட்டன? அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக அறிவியலாளர் சாமுவேல் வாசரும் அவருடைய குழுவினரும் இதற்கு விடை தேடினார்கள். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலிருந்து யானைச் சாணம் உள்ளிட்ட மாதிரிகளைச் சேகரித்து, எந்தப் பகுதி யானைக்கு எத்தகைய மரபணு இருக்கிறது என்று ஒரு வரைபடம் தயாரித்தார்கள். தந்தத்தின் மரபணுவை அதனோடு ஒப்பிட்டார்கள். கொல்லப்பட்ட யானைகள் கண்டம் முழுவதிலிருந்தும் வந்தவையல்ல. ஜாம்பியாவை மையமாகக் கொண்ட புல்வெளிப் பகுதியைச் சேர்ந்தவை என்பது தெரியவந்தது. பெட்டி ஒரு நாட்டிலிருந்து புறப்பட்டது. ஆனால், வேட்டை வேறு நாட்டில் நடந்திருந்தது.

அதே ஆய்வு முறை பிறகு மேலும் வளர்ந்தது. 2002 முதல் 2019 வரை பிடிபட்ட 49 சரக்குகளில் இருந்த 4,000க்கும் மேற்பட்ட தந்தங்களை வாசரின் குழு ஆராய்ந்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டது. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு துறைமுகங்களில் பிடிபட்ட கொள்கலன்களில் ஒரே யானைக் குடும்பத்தைச் சேர்ந்த தந்தங்கள் இருந்தன. தாயின் தந்தம் ஒரு பெட்டியிலும் அதன் பிள்ளையின் தந்தம் மற்றொரு பெட்டியிலும் கிடக்கும் என்றால், அந்த இரண்டு பெட்டிகளுக்கும் பின்னால் ஒரே கூட்டம் இருக்க வாய்ப்புண்டு அல்லவா? தனித்தனிக் குற்றங்களாகத் தோன்றியவை, ஒரு சில பெரிய கும்பல்களின் வேலை என்று இந்த ஆய்வு காட்டியது.

எல்லை தாண்டி இணையும் கைகள்

குற்றவாளிகள் எல்லைகளைத் தாண்டும்போது, சட்டமும் எல்லைகளைத் தாண்ட வேண்டும். அருகிவரும் விலங்குகளையும் தாவரங்களையும் நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தம் 1973இல் உருவானது. அதன்படி, எட்டு வகை அழுங்குகளின் அனைத்துலக வணிகத்துக்கும் தடை விதிக்க 2016இல் முடிவு செய்யப்பட்டது. திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான ஐக்கிய நாட்டு நிறுவன ஒப்பந்தம் 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆதாரங்களைப் பகிர்வதற்கும், குற்றவாளியை மற்றொரு நாட்டிடம் ஒப்படைப்பதற்கும், குற்றத்தால் வந்த பணத்தைப் பறிமுதல் செய்வதற்கும் அது வழிவகுக்கிறது.

இத்தகைய ஒத்துழைப்பின் பயனை 2019 ஜூலை 21ஆம் தேதி கண்கூடாகக் காண முடிந்தது. காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வியட்னாமுக்கு மரம் கொண்டுசெல்வதாகக் கூறப்பட்ட கொள்கலன்களைப் பற்றிச் சீனச் சுங்கத்துறை தகவல் அளித்தது. சிங்கப்பூர் அதிகாரிகள் சோதித்தபோது, 8.8 டன் தந்தமும் 11.9 டன் அழுங்குச் செதில்களும் கிடைத்தன. ஏறக்குறைய 300 ஆப்பிரிக்க யானைகள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. தகவல் ஒரு நாட்டிலிருந்து வந்தது. நடவடிக்கை மற்றொரு நாட்டில் நடந்தது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2022 ஜூலையில், மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்திலும் இதே உத்தி அம்பலமானது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரப்பலகைகளுக்குப் பின்னால் 6 டன் தந்தமும், காண்டாமிருகக் கொம்புகளும், அழுங்குச் செதில்களும் மறைத்துவைக்கப்பட்டிருந்தன. அவற்றின் மதிப்பு 80 மில்லியன் ரிங்கிட் என்று மலேசியச் சுங்கத்துறை அறிவித்தது.

இரு நாடுகளும் தண்டனைகளைக் கடுமையாக்கியுள்ளன. மலேசியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சிங்கப்பூரிலும் 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, மிக அருகிய உயிரினங்களைக் கடத்தும் தனிநபருக்கு விதிக்கக்கூடிய சிறைத்தண்டனை 2 ஆண்டுகளிலிருந்து 6 ஆண்டுகள் வரை உயர்த்தப்பட்டது.

பிடித்தால் போதுமா?

2020 ஆகஸ்ட் 11ஆம் தேதி, உலக யானைகள் தினத்துக்கு முதல் நாள், சிங்கப்பூர் 9 டன் தந்தத்தை இயந்திரத்தில் இட்டு நொறுக்கத் தொடங்கியது. அந்தத் தந்தம் மீண்டும் சந்தைக்குச் செல்லக்கூடாது என்பதே நோக்கம். 2021 செப்டம்பர் முதல் உள்நாட்டில் தந்தம் விற்பதும் தடை செய்யப்பட்டது.

இவையெல்லாம் பாராட்டத்தக்க நடவடிக்கைகள். ஆயினும், ஒன்றை நாம் மறக்கக்கூடாது. கொள்கலன் பிடிபடும் நாளில் அந்த விலங்குகள் இறந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். செதில்களைப் பறிமுதல் செய்வதால் ஓர் அழுங்குகூட உயிர் பெற்று எழப்போவதில்லை. கும்பலின் தலைவனுக்கோ அது ஒரு வணிக நட்டம் மட்டுமே. அடுத்த பெட்டியில் அதை ஈடுகட்ட முயல்வான். ஆகவே, பெட்டியைப் பிடிப்பதோடு விசாரணை நின்றுவிடக்கூடாது. பெட்டியை அனுப்பியவர் யார், பணம் யாருடைய கணக்குக்குச் சென்றது என்று இறுதிவரை பின்தொடர வேண்டும்.

அவ்வாறு பின்தொடர்ந்தால் பலன் கிடைக்கும். உகாண்டாவை மையமாகக் கொண்டு தந்தமும் காண்டாமிருகக் கொம்பும் கடத்திய ஒரு கும்பலின் தலைவன் 2019இல் அங்கே கைது செய்யப்பட்டு, அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டான். 2022இல் நியூயார்க் நீதிமன்றம் அவனுக்கு 63 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. மரச்சிற்பங்கள், முகமூடிகள் போன்ற கலைப்பொருள்களுக்குள் கடத்தல் பொருள்களை மறைத்து அனுப்பிய கூட்டம் அது.

சங்கிலியின் மறுமுனையில் வாங்குபவர் இருக்கிறார். வாங்குபவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லை. சீனா 2020இல் தன் அதிகாரபூர்வ மருந்து நூலிலிருந்து அழுங்குச் செதிலை நீக்கியது. பல நூற்றாண்டுகளாக இருந்துவந்த வழக்கத்தையும் மாற்ற முடியும் என்பதற்கு இது ஒரு சான்று. நாமும் சுற்றுலா சென்ற இடத்திலோ இணையக் கடையிலோ விலங்கின் உடற்பகுதியால் ஆன பொருளைக் கண்டால், "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கலாம். விடை கிடைக்காவிட்டால் வாங்காமல் விடலாம். அதிகாரிகளிடம் தெரிவிக்கலாம்.

புக்கிட் தீமா காட்டில் இன்றும் இரவு நேரத்தில் அழுங்கு ஒன்று எறும்புப் புற்றைத் தேடி நடந்துகொண்டிருக்கலாம். அதன் உறவினங்கள் பல்லாயிரம் நம் துறைமுகத்தில் மூட்டைகளாக வந்திறங்கின. அடுத்த பெட்டி கப்பலேறுவதற்கு முன்பே தடுக்கப்பட வேண்டும் என்றால், காட்டைக் காப்பவர், ஆவணத்தைச் சரிபார்ப்பவர், ஆய்வுக்கூடத்தில் உழைப்பவர், பொருளை வாங்க மறுப்பவர் ஆகிய அனைவரும் கைகோக்க வேண்டும். குற்றவாளிகளின் சங்கிலியைவிட அந்தச் சங்கிலி வலிமையானதாக இருக்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

கொள்கலன் – சரக்குகளை ஏற்றிச் செல்லும் பெரிய இரும்புப் பெட்டி
கண்ணி – சங்கிலியின் ஒரு வளையம்
முகவர் – பிறர் சார்பில் செயல்படுபவர்
பறிமுதல் – சட்டப்படி பொருளைக் கைப்பற்றுதல்
அருகிவரும் – எண்ணிக்கையில் குறைந்து அழியும் நிலையை நெருங்கும்
நீரிணை – இரண்டு கடல்களை இணைக்கும் குறுகிய நீர்ப்பகுதி
அம்பலமாதல் – மறைவாக இருந்தது வெளிப்படுதல்

கருத்துணர் வினாக்கள்

1. ஆபத்து வரும்போது அழுங்கு என்ன செய்யும்? அந்த உத்தி மனிதனிடம் பலிக்காதது ஏன்?
2. கொள்கலனின் வருகை வணிகர்களுக்கும் கடத்தல்காரர்களுக்கும் எவ்வாறு உதவியது?
3. 'ஒரு துறைமுகம் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த நம்பிக்கையைக் கடத்தல்காரர்கள் முகமூடியாக அணிந்துகொள்கிறார்கள்.' இக்கூற்றை உன் சொந்த நடையில் விளக்குக.
4. வெவ்வேறு கொள்கலன்களில் ஒரே யானைக் குடும்பத்தின் தந்தங்கள் இருந்ததிலிருந்து ஆய்வாளர்கள் எதை அறிந்தார்கள்?
5. 'கடத்தல் பொருளைப் பறிமுதல் செய்வது மட்டும் போதாது' என்று ஆசிரியர் கருதுவதற்கான காரணங்கள் யாவை?

கலந்துரையாடுக

வறுமையால் வேட்டையாடும் கிராமவாசிக்கும், கும்பலை நடத்தும் தலைவனுக்கும் ஒரே தண்டனை விதிப்பது சரியா? குழுவில் கலந்துரையாடி, உங்கள் கருத்தைக் காரணங்களுடன் வகுப்பில் முன்வைக்கவும்.